சாவனதுர்கா உச்சியில் ஒரு வட்டமும் புள்ளியும்

ஜனவரி 9, வியாழன்

ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் பக்கத்துச் சாவனதுர்கா மலை ஏறுவது முடிவாகிவிட்டது. வனத்துறைச் சீட்டு ஆன்லைனில் போட்டாயிற்று. எல்லோரும் செல்ஃபி எடுக்கப் போகிற மலைக்கு நானும் மாமாவும் நில அளவைக்காரர்கள் கருவி நிறுத்திய இடத்தில் பாறையில் வெட்டிய குறி ஒன்றைத் தேடிப் போகிறோம். ஒரு வட்டம், நடுவில் ஒரு புள்ளி. அவ்வளவுதான்.

மாமா பொங்கலுக்காகக் கிருஷ்ணகிரியிலிருந்து வந்திருக்கிறார். சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளக்கத் தொடங்கிய ஆங்கிலேய ராணுவ அதிகாரி லாம்டன்; சாவனதுர்காவும் அவருடைய நிலையங்களில் ஒன்று. அந்தக் கதையைச் சொன்னதும் மாமா காபியைக் கீழே வைத்துவிட்டார். 1802 ஏப்ரலில் பரங்கிமலை அருகே, மற்ற அளவுகளுக்கெல்லாம் அடிப்படையான ஏழரை மைல் நீள அடிக்கோடு ஒன்றை நூறடி எஃகுச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார் வில்லியம் லாம்டன். அந்த நீளம் கையில் இருந்தால் போதும். இரு முனைகளிலிருந்தும் தூரத்து மலையின் கோணத்தைப் பார்த்து, அந்த முக்கோணத்தின் மற்ற இரண்டு பக்கங்களையும் கணக்கிலேயே எடுத்துவிடலாம். அப்புறம் அந்தப் பக்கம்தான் அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடு. இப்படியே மலை மலையாகத் தாவிப் பெங்களூருக்கு வந்தார்கள். 1804இல் இங்கே இன்னொரு கோட்டைத் தரையிலேயே அளந்து, கணக்கில் வந்த நீளத்தோடு ஒப்பிட்டார்கள். சுமார் ஏழு மைலுக்கு வித்தியாசம் 3.7 அங்குலம்.

"எங்க காலத்துல அரை ஏக்கருக்கே இதைவிட அதிகமா இடிக்கும்டா" என்றார் மாமா. அவர் குரலில் கொஞ்சம் பொறாமை இருந்தது.

ஜனவரி 11, சனி

சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய 57 எச்/5 தாளை, அதாவது சாவனதுர்கா வருகிற வரைபடத்தை, பெரிதாக்கிப் பார்த்தோம். இந்த வரைபடங்களில் உயர எண்ணுக்குப் பக்கத்தில் குட்டி முக்கோணம் இருந்தால் அங்கே முக்கோண அளவை நிலையம் இருந்தது என்று பொருள். வெறும் புள்ளி என்றால் உயரம் மட்டும்தான்.

பையில் தண்ணீர், கடலை மிட்டாய், திசைகாட்டி, துடைக்க ஒரு பழைய பிரஷ். தேய்ந்த வெட்டு காலைச் சாய்வெயிலில்தான் தெரியும், அதனால் சீக்கிரம் கிளம்ப வேண்டும்.

ஜனவரி 12, ஞாயிறு

மாகடி ரோடு வழியாக அடிவாரம். நரசிம்ம சுவாமி கோயிலில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஏறத் தொடங்கினோம். ஒரே பாறை. செருப்பு வழுக்கினால் பிடித்துக்கொள்ளப் புல்கூட இல்லாத இடங்கள் உண்டு. கெம்பேகௌடர் காலத்துக் கோட்டைச் சுவர் பாதி வழியில் நிற்கிறது; 1791 டிசம்பரில் திப்புவிடமிருந்து காரன்வாலிஸின் படை பிடித்தது இதைத்தான். அதற்கெல்லாம் மாமா நிற்கவில்லை.

ஏறும்போது கோணம் அளக்கும் கருவியான தியோடலைட் பற்றிப் பேச்சு வந்தது. லாம்டனின் பெரிய கருவி அரை டன் எடை. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் அதை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் கூடாரத்துக்குள் அடைந்துகொண்டு ஆறு வாரம் தட்டி நிமிர்த்தினார் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. "கயிறு பிடிச்ச கலாசிங்க பேர் ஒண்ணாவது இருக்கா?" என்றார் மாமா. நான் படித்தவற்றில் இல்லை.

1226 மீட்டர். உச்சியில் நந்தி மண்டபம், அதைச் சுற்றி ஒரு கல்லூரிக் கூட்டம். நான் உடனே குனிந்து பாறையைத் துழாவினேன். வரிசையாகச் சின்னக் குழிகள். "கம்பம் நட்ட குழி" என்றார் மாமா, திரும்பிப் பார்க்காமலே. அடுத்து வழவழப்பான ஒரு பள்ளம். தண்ணீர் தேங்கித் தேங்கி ஆனது. அடுத்து ஒரு நேர்த்தியான முக்கோணம். எனக்கு நெஞ்சு படபடத்தது. பக்கத்தில் ஒரு இதயமும் இரண்டு இனிஷியலும் இருந்தன.

மாமா அதுவரை தரையையே பார்க்கவில்லை. இடுப்பில் கை வைத்து மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார்.

"மாப்ளே, கல்லை அப்புறம் தேடு. இங்கிருந்து என்ன தெரியுது?"

வடக்கே சிவகங்கை, தெற்கே ராமநகரத்துக் குன்றுகள், கீழே மஞ்சனபெலே நீர்த்தேக்கம். மண்டபத்துக்கு மேற்கே நின்றால் அந்த மண்டபமே கிழக்கை மறைக்கிறது. பெரிய உருண்டைப் பாறையின் பக்கத்தில் போனால் சிவகங்கை போய்விடுகிறது. எந்த மலையும் மறையாத இடத்தில்தான் கருவி நின்றிருக்கும், குறியும் அதன் நேர் கீழேதான் இருக்கும். பாறையைத் தடவித் தேடுகிற ஆளுக்கும் சர்வேயருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான் போல. எவ்வளவோ பெரிய உச்சி, அவர் ஒரு கார் நிறுத்துகிற அளவுக்குக் குறுக்கிவிட்டார்.

அந்த இடத்தைப் பிரஷ் போட்டுத் துடைத்தோம். ஒரு வளைவு மாதிரி இருந்தது, கால்வட்டம் இருக்கலாம். மாமா விரல் நகத்தை ஓட்டிப் பார்த்தார். உளி பட்ட இடத்தில் நகம் தட்டும், இதில் தட்டவில்லை. இந்தப் பாறை வேறு வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக உரிகிறது. மேல் தோலோடு குறியும் போயிருந்தால் யாரைக் கேட்பது? மற்ற மலைகளில் குறிக்கு மேல் கட்டிய அளவை மேடையின் கீழே புதையல் இருக்கிறது என்று தோண்டி எடுத்தவர்களும் உண்டு.

"இல்லைன்னு எழுதிக்கோ. சந்தேகத்தைக் குறின்னு எழுதக் கூடாது."

எழுதிக்கொண்டேன். இறங்குவதுதான் பெரும்பாடு, மாமா பாதி தூரம் உட்கார்ந்தபடியே நகர்ந்து வந்தார். அதை எழுதக் கூடாது என்றும் சொன்னார்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல் வைத்து முடித்ததும் காக்ஸ் டவுன் பக்கம் தொட்டகுண்டே வரை நடந்தோம். லாம்டன் நட்சத்திரங்களைப் பார்த்து அட்சரேகை கணித்த இடங்களில் தொட்டகுண்டேயும் ஒன்று. சாவனதுர்காவும் அவருடைய நிலையங்களில் ஒன்று என்பதால் இங்கிருந்து அது எந்தத் திசை என்று மாமா திசைகாட்டியை எடுத்தார். மேற்கே, கொஞ்சம் தெற்குச் சாய்ந்து. அங்கே நாலு மாடிக் கட்டடமும் தண்ணீர்த் தொட்டியும்தான் இருந்தன.

வாசலில் கோலத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்த ஒரு பாட்டியம்மா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா, ரோடு அகலப்படுத்தவா வந்திருக்கீங்க?"

"இல்லைம்மா, இது இருநூறு வருஷத்துக்கு முந்தின சர்வே."

"அப்பவே அளந்தாச்சா? அப்புறம் ஏன் இந்தச் சாக்கடை மட்டும் எங்க வீட்டுப் பக்கமே சாஞ்சு வருது?"

மாமா குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு சாக்கடையின் விளிம்பைப் பார்த்தார். "கோணல்தாம்மா" என்றார். அதற்கப்புறம் அரை மணி நேரம் அந்தத் தெருவை விட்டு அவரைக் கிளப்ப முடியவில்லை.