தேராவில் நோன்புக் கஞ்சி

துபாய்க்கு வருகிறவர்கள் பெரும்பாலும் புர்ஜ் கலீஃபாவையும் மால்களையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நான் போனது 2025 மார்ச்சில். அந்த வருடம் அங்கே மார்ச் 1 அன்று ரமலான் நோன்பு தொடங்கியிருந்தது. நோன்பு மாதத்தில் போய் என்னத்தைப் பார்ப்பாய் என்று ஊரில் கேட்டார்கள். அந்த மாதத்தில்தான் போக வேண்டும் என்று இப்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தங்கியது தேராவில், அத்தை மகன் வீட்டில். தேரா பழைய துபாய். க்ரீக் என்கிற கடல் கழியின் கரை, தங்கக் கடைத்தெரு, ஏலக்காய் மணக்கும் சந்துகள், ஒரே அறையில் பல பேர் பெட்ஸ்பேஸ், அதாவது ஆளுக்கொரு கட்டில் மட்டும் வாடகைக்கு எடுத்து இருக்கும் கட்டடங்கள். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள் இங்கே நிறைய. நோன்பு மாதத்தில் தனியார் வேலைக்கும் தினம் 2 மணி நேரம் குறைப்பு உண்டு என்றாலும், அறைக்குப் போய் ஒற்றை ஆளாக நோன்பு திறக்க யாருக்கு மனசு வரும்? அதனால் சாயங்காலம் எல்லோரும் பள்ளிவாசலுக்குக் கிளம்பிவிடுகிறார்கள்.

நம் ஆட்கள் ‘குவைத் பள்ளி’ என்று சொல்லும் பள்ளிவாசலுக்கு அத்தை மகன் கூட்டிப் போனான். மக்ரிப் பாங்கு, அதாவது நோன்பு திறக்கும் நேரத்தைச் சொல்லும் மாலைத் தொழுகை அழைப்பு, ஆறரையை ஒட்டித்தான். ஆனால் ஐந்தரைக்கே விரிப்புகள் போட்டு, நீளமாக பிளாஸ்டிக் ஷீட் விரித்துவிட்டார்கள். அதன் இரண்டு பக்கமும் ஆட்கள் எதிரெதிராக உட்காருகிறார்கள். பேரீச்சம்பழம், தண்ணீர், ஆரஞ்சு, சமோசா, அப்புறம் கிண்ணத்தில் நோன்புக் கஞ்சி. நம்மூர்க் கஞ்சியேதான். பச்சரிசிக் குருணை, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு, மல்லி, புதினா, இறக்கும்போது தேங்காய்ப்பால். பதிமூன்று மணி நேரம் தண்ணீர்கூடப் படாத வயிற்றுக்கு இதைவிட இதமாக வேறு எதுவும் இருக்க முடியாது. எனக்கு ஒரு பக்கம் காயல்பட்டினத்துப் பெரியவர், இன்னொரு பக்கம் வங்கதேசத்துப் பையன். அந்தப் பையன் கஞ்சியில் சமோசாவைப் பிய்த்துப் போட்டு, பிறந்ததிலிருந்து அப்படியே சாப்பிட்டுப் பழகியவன் மாதிரி சாப்பிட்டான்.

எனக்கு நோன்பு இல்லை என்று பெரியவரிடம் முன்பே சொல்லிவிட்டேன். “அதுக்கென்ன தம்பி, உக்காருங்க. கஞ்சி ஆறிடும்” என்றார். யார், என்ன, எந்த மதம் என்று பரிமாறியவர்களும் கேட்கவில்லை. தன் பங்குப் பேரீச்சம்பழத்தில் இரண்டை அந்த வங்கதேசத்துப் பையன் என் பக்கம் தள்ளி வைத்தான். அதை தானம் என்று சொல்லவே எனக்கு வாய் வராது. ஒரே வீட்டில் பந்தியில் உட்கார்ந்தவர்கள் ஒருவர் இலையை ஒருவர் பார்த்துக்கொள்வார்களே, அது.

அபுதாபியில் ஷேக் சாயித் பெரிய பள்ளிவாசலில் இதே மாதத்தில் தினமும் பல்லாயிரம் பேருக்கு நோன்பு திறக்கச் சாப்பாடு போடுகிறார்கள். பிரமாண்டம்தான், பார்க்க வேண்டியதுதான். ஆனாலும் என் மனசு தேராவிலேயே நின்றுவிட்டது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாங்குக்குக் கொஞ்சம் முன்னால் சிக்னல்களில் தன்னார்வலர்கள் நின்று கார்க்காரர்களுக்குப் பேரீச்சம்பழமும் தண்ணீரும் கொடுக்கிறார்கள். நோன்பு திறக்கும் அவசரத்தில் வண்டியை விரட்டி யாரும் அடிபடக் கூடாது என்பதற்காக. வழியில் மாட்டிக்கொண்டவர் பசியைக்கூட ஒருவர் யோசித்திருக்கிறார் பாருங்கள்.

இனி வீட்டுக் கதை. அத்தை மகன் குடியிருக்கும் மாடியில் எதிர் ஃப்ளாட் கீழக்கரைக் குடும்பம். அந்த அம்மாவை எல்லோரும் லாத்தா (அக்கா) என்றுதான் கூப்பிடுகிறார்கள். பக்கத்தில் ஒரு மலையாளிக் குடும்பம், கடைசியில் எகிப்துக்காரர்கள். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்த கையோடு கதவுகள் தட்டப்பட ஆரம்பிக்கும். எகிப்து வீட்டிலிருந்து கொட்டைப் பருப்புகள் வைத்துப் பாகில் ஊறிய கத்தாயிஃப் இனிப்பு, மலையாளி வீட்டிலிருந்து அரிசிப் பத்திரியும் நேந்திரம்பழ உன்னக்காயும், லாத்தாவிடமிருந்து கஞ்சியும் கடற்பாசி இனிப்பும். அத்தை மகன் மனைவி பதிலுக்குச் சுண்டலும் உளுந்து வடையும் போட்டு அனுப்புவாள். வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரும் வழக்கம் அந்த மாடியில் இல்லை. எல்லாம் எவர்சில்வர், எல்லாம் ஒரே மாதிரி. ஆனாலும் குழப்பம் வராது, லாத்தாவின் தூக்கில் அவர் மாமியார் பெயர் வெட்டியிருக்கும்.

அத்தை மகன் வீட்டார் சைவம். லாத்தா கஞ்சியில் கறி கைமா போடுவார். அதனால் கறி சேர்ப்பதற்கு முன்பே இவர்களுக்கு ஒரு தூக்கு தனியாக எடுத்து, அடுப்பின் இன்னொரு பக்கம் மூடி வைத்துவிடுவாராம். அதற்குத் தனிக் கரண்டி. நோன்பு வைத்த வாயால் ருசி பார்க்கவும் மாட்டார், உப்பைக் கைக்கணக்கில்தான் போடுவார். அப்படிச் செய்த கஞ்சியை நீட்டும்போது “இதுல கறி படலை, பயப்படாம குடிங்க” என்று ஒவ்வொரு நாளும் சொல்லிவிட்டுத்தான் கொடுத்தார். ஒரு நாள்கூட அந்த வார்த்தை விட்டுப்போனதில்லை. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

போக நினைப்பவர்களுக்கு: பகலில் தெருவில் நின்று சாப்பிடுவது, குடிப்பது வேண்டாம், நோன்பாளிகளுக்கு அந்த மரியாதையைக் கொடுங்கள். உணவகங்கள் திறந்திருக்கும், திரை போட்டு மறைக்க வேண்டும் என்ற கட்டாயத்தை துபாயில் 2021இலேயே எடுத்துவிட்டார்கள். நட்சத்திர ஹோட்டலில் இஃப்தார் (நோன்பு திறக்கும்) பஃபேக்குப் பணம் கட்டும் முன் ஒரு சாயங்காலமாவது தேராவில் விரிப்பில் உட்காருங்கள். பாங்குக்கு அரை மணி நேரம் முன்பே போய்விடுங்கள், தோளும் முழங்காலும் மறைகிற உடை போதும். ரமலான் வருடா வருடம் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்கிறது. 2027இல் பிப்ரவரி முதல் பாதியில் வரும். வளைகுடாவில் அப்போது நல்ல குளிர்ச்சி, டிக்கெட்டை இப்போதே பார்த்து வையுங்கள்.