பூ இல்லாத காலத்தில் கோயில்காட்டு மரங்களை அடையாளம் காண

கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில்காட்டிலோ கோடியக்கரையிலோ முதன்முறை நுழைபவருக்கு எல்லா மரமும் ஒன்றுபோலத்தான் தெரியும். தடித்த, பளபளப்பான, கரும்பச்சை இலை. சோழமண்டலக் கரையின் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அடுத்து வரும் நெடும் வறட்சியை இலை உதிர்க்காமல் தாங்க வேண்டியிருப்பதால், உறவே இல்லாத மரங்கள்கூட ஒரே மாதிரி இலையைக் கொண்டிருக்கின்றன. பூவுக்குக் காத்திருந்தால் ஆண்டில் சில வாரங்கள்தான் கிடைக்கும். இலையையும் கிளையையும் படிக்கப் பழகிக்கொள்வதே நல்லது. அதற்கு 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸும் ஓர் அளவுகோலும் போதும்.

உதிர்ந்த இலையைப் பொறுக்கி வந்து பெயர் கேட்பது பலரும் செய்யும் தவறு. இலைகள் எதிரெதிராக (எதிரடுக்கு) இருந்தனவா, மாறி மாறி (மாற்றடுக்கு) இருந்தனவா என்ற முதல் செய்தி கிளையிலேயே தங்கிவிடுகிறது. ஒற்றை இலையின் படத்தைச் செயலியில் ஏற்றினாலும் இதே குறைதான். கிளையை ஒடிக்க வேண்டாம். தாழ்ந்த கிளையை மெல்ல வளைத்துக் கணு தெரியும்படி ஒரு படம், இலையின் மேற்புறம், அடிப்புறம், பட்டை, முழு மரம் என ஐந்து படம் எடுங்கள்.

கணுவைப் பார்ப்பதற்கு முன் முழு இலை எது, கூட்டிலையின் ஒரு பகுதியான சிற்றிலை எது என்று தெளிவாக வேண்டும். இலைக்காம்பும் கிளையும் சேரும் கோணத்தில் மொட்டு இருக்கும். சிற்றிலையின் அடியில் இருக்காது. வேம்பில் இதை எளிதாகப் பார்க்கலாம். நெல்லி ஏமாற்றும்: கூட்டிலை போலத் தோன்றுவது இலைகள் தாங்கிய சிறு கிளை. அதன் மேலேயே பூவும் காயும் வரும்.

அடுத்தது பால். பெயர்க் குழப்பம் அதிகம் வருவதும் இங்கேதான். பாலை, வெப்பாலை, குடசப்பாலை, ஏழிலைப்பாலை எல்லாமே பால் கசிவதால் பெயர் பெற்றவை. ஆனால் கோடியக்கரையின் பாலை (மணில்காரா ஹெக்சாண்ட்ரா) இலுப்பைக் குடும்பம். மற்ற மூன்றும் அரளிக் குடும்பம். பாலையின் இலைகள் மாற்றடுக்கில், கிளை நுனியில் நெருங்கியிருக்கும். வெப்பாலை, குடசப்பாலை இரண்டும் எதிரடுக்கு. ஏழிலைப்பாலையில் ஒரே கணுவில் பல இலைகள் வட்டமாக நிற்கும். வெப்பாலையையும் குடசப்பாலையையும் காயில் பிரிக்கலாம்: வெப்பாலையின் இளம் இரட்டைக் காய்கள் நுனியில் ஒட்டியபடி தொங்கும், குடசப்பாலையில் தனித்தனியாக இருக்கும். கோடை நண்பகலில் பால் சரியாக வராது. காலையில், இளந்தளிரின் காம்பைக் கிள்ளிப் பாருங்கள். கள்ளியிலும், கழிமுகத்துத் தில்லையிலும் இந்தச் சோதனை வேண்டவே வேண்டாம். அந்தப் பால் கண்ணில் பட்டால் பெருங்கேடு.

பால் இல்லையென்றால் இலையை வெயிலுக்கு எதிரே பிடித்து லென்ஸில் பாருங்கள். ஊசியால் குத்தியதுபோல ஒளிப்புள்ளிகள் தெரிந்து, கசக்கினால் எலுமிச்சை மணமும் வந்தால் குருந்து. வில்வத்திலும் இப்புள்ளிகள் உண்டு. மூன்று சிற்றிலை என்பதால் அதோடு குழப்பப்படும் மாவிலங்கத்தில் புள்ளியும் இல்லை, முள்ளும் இல்லை. அதன் மூன்று சிற்றிலைகளும் ஒரே புள்ளியிலிருந்து பிரியும். வில்வத்தில் நடுச் சிற்றிலைக்கு மட்டும் காம்பு நீண்டிருக்கும்.

நாவலும் காசாவும் எதிரடுக்கு, தடித்த இலை. நாவலில் நெருக்கமான நரம்புகள் ஓரத்தை ஒட்டி ஓடும் ஒரு நரம்பில் போய்ச் சேரும். காசாவில் பக்க நரம்பு தெரிவதே அரிது. திருமாலின் நிறத்துக்கு உவமையான காயாம்பூ இதன் பூதான். இலையில்லாத பழைய கணுக்களில் நீலக் கொத்தாக ஒட்டிப் பூக்கும். எதிரடுக்கு இலைக்காம்புகளுக்கு நடுவே கிளையில் முக்கோணச் செதில் இருந்தால் காப்பிக் குடும்பம்: காரை, சுளுந்து போன்றவை. காரையில் முள்ளும் இணையாக வரும்.

நுனி பிளந்த இலையை மட்டும் நம்பிப் பெயர் சொல்லாதீர்கள். பாலை, குருந்து, வீரை மூன்றிலும் அந்தப் பிளவு வரும். வெட்டுப்பட்ட அடிமரத்திலிருந்து துளிர்த்த இலைகளும் அளவில் பெரிதாகி ஏமாற்றும். வளர்ந்த கிளையையே பாருங்கள்.

மிகவும் சிரமம் தருபவை வீரையும் இரும்பிலியும். இரண்டும் மாற்றடுக்கு, பாலும் புள்ளியும் இல்லாதவை. வீரையில் இலையின் அடி இருபுறமும் சமமாக இராது. முதிர்ந்த அடிமரம் பள்ளமும் மேடுமாக வரிந்திருக்கும். இரும்பிலியில் பழம் உதிராத புல்லிக் கிண்ணத்தின் (பூவின் அடியிலுள்ள பச்சை உறை) மேல் உட்கார்ந்திருக்கும். பழக்காலம் முடிந்திருந்தாலும் மரத்தடிச் சருகைக் கிளறினால் காய்ந்த கிண்ணங்கள் கிடைக்கலாம். அதுவும் இல்லையென்றால் நோட்டில் இரண்டு பெயரையும் எழுதி, பழம் வரும்போது அதே மரத்துக்குத் திரும்பப் போக வேண்டும்.