கரும்பலகையில் முதலில் இருந்த பெயர்

உயர்தர வகுப்பில் எங்களுக்கு ஐரோப்பிய சரித்திரம் படிப்பித்த ரீச்சர், பாரிஸ் பல்கலைக்கழகத்தின் தோற்றத்தைத் தொடங்கிய அன்று கரும்பலகையில் இரண்டு பெயர்களை எழுதினார். மேலே எலோயிஸ், கீழே அபெலார்.

"அபெலார்தானே பெரிய படிப்பாளி, ரீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"அவவும் படிச்சவதான் பிள்ளை. இண்டைக்கு இப்பிடியே இருக்கட்டும்."

1079இல் பிறந்த அபெலார் தர்க்கத்தில் பாரிஸையே கட்டிப்போட்டவர். நோத்ர-தாம் தேவாலயக் குரு ஃபுல்பேரின் சகோதரி மகள் எலோயிஸ், இளவயதிலேயே லத்தீன் புலமைக்குப் பேர்போனவர். படிப்பிக்கவென்று அபெலார் அந்த வீட்டிலேயே வந்து தங்கினார். காதல், ஒரு மகன், இரகசியக் கலியாணம். பிள்ளைக்கு விண்மீன் அளக்கும் கருவியின் பெயரையே, அஸ்திரோலாப் என்று, வைத்தார்கள். பிறகு எலோயிஸை ஆர்ஜன்தெய் மடத்தில் கொண்டுபோய் விட்டார் அபெலார். ஏமாற்றப்பட்டோம் என்று கொதித்த மாமன், ஆள் விட்டு இரவில் அவரை ஆண்மையிழக்கச் செய்தார். அபெலார் பாரிஸுக்குப் பக்கத்தில் சென்-தெனி மடத்தில் துறவியானார். அவர் சொல்லுக்காக எலோயிஸும் துறவு பூண்டார்.

இவ்வளவையும் ரீச்சர் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டார். மிச்சப் பாடம் முழுக்க எலோயிஸின் கடிதம்தான். கலியாணமே வேண்டாம், தொட்டிலும் படிப்பு மேசையும் ஒன்றாகச் சரிவராது என்று வாதாடியவர் அவர். பரக்லே மடத்துக்குத் தலைவியான பிறகும் மனதை மறைக்கவில்லை. மடத்துக்குப் போனது கடவுளுக்காக அல்ல, நீங்கள் சொன்னதற்காக என்று நேரே எழுதினார். எனக்கு ஏன் ஒரு வரிகூட எழுதவில்லை என்றும் கேட்டார். அந்த இடத்தில் ரீச்சர் வெண்கட்டியைக் கீழே வைத்துவிட்டு யன்னலைப் பார்த்தபடி நின்றார். வகுப்பில் ஒரு சத்தமில்லை.

பிரான்சுக்கு அகதியாக வந்து நான் முதலில் வாடகைக்கு இருந்தது சென்-தெனியில். ரயில் நிலையப் பலகையில் அந்தப் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தபோது எனக்கு எங்கள் வகுப்பறைதான் கண்ணுக்குள் வந்தது.

ரீச்சர் காலமான செய்தி கிடைத்த கிழமை, லா சப்பலில் 2ஆம் இலக்க மெட்ரோ ஏறி பேர் லஷேஸ் மயானத்துக்குப் போனேன். 1142இல் இறந்த அபெலாரையும், அவருக்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் மடத்தை நடத்திய எலோயிஸையும் 1817இல் இந்த மயானத்துக்குக் கொண்டுவந்தார்கள். இரும்பு வேலிக்குள், கல் மண்டபத்தின் கீழ், இரண்டு உருவங்களும் கைகூப்பிப் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கின்றன.

கடிதப் புத்தகத்தைக் கொண்டுபோயிருந்தேன். பிரெஞ்சில் மெல்ல வாய்விட்டு வாசித்துக்கொண்டு வந்தேன். ரீச்சர் வெண்கட்டியை வைத்த இடம் வந்தது. அதற்கு மேல் வாசிக்க என்னாலும் முடியவில்லை.