அம்மாவின் மாவிளக்கு

அப்பாவின் தலைத் திவசம் முடிந்து வந்த ஆடி வெள்ளியில்தான் சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மனிடம் போக அம்மாவுக்கு வாய்த்தது. அப்பாவின் இதய அறுவை சிகிச்சைக்காக நேர்ந்துகொண்ட மாவிளக்கு. அவரையும் அழைத்துக்கொண்டு போய்ப் போடலாம் என்று தள்ளிப்போய், கடைசியில் அவர் இல்லாமலே போட வேண்டியதாயிற்று.

கூட்டத்தைச் சொல்லி மாளாது. பால்குடம் ஏந்தியவர்கள் ஒரு பக்கம், கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு குறுக்கே வரும் சுற்றுலாக்காரர்கள் ஒரு பக்கம். நெய் ததும்பும் விளக்கோடு முழங்கால் வலியில் நிற்பவரை இடித்துக்கொண்டு படமெடுக்க எப்படித்தான் மனம் வருகிறதோ!

திரை விலகியது. எலுமிச்சை மாலைக்கு மேலே அந்த முகம். 1827இல் இந்தக் கோயிலை எழுப்பிய நாராயண பிள்ளையும் வியாபாரிதான். கடைக்காரன் கஷ்டம் இவளுக்குத் தெரியும் என்பார் அப்பா. ‘உயிர்ப்பிச்சை கேட்டோமே, இவ்வளவுதானா?’ என்று சண்டை போடவே வந்திருந்தேன். பக்கத்தில் அம்மா முணுமுணுத்தது காதில் விழுந்தது: “பேத்தி கழுத்தில் தாலி ஏறும்வரை விட்டுவைத்தாயே, தாயே.” அதற்குமேல் என்ன கேட்பது? கண்ணீர்தான் வந்தது. தீபாராதனையைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

வெளியே வந்தபோது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. அதே நடைபாதையில், நான்கு எட்டில் இருக்கும் ஜாமியா பள்ளிவாசலுக்கு ஜும்ஆ தொழுகைக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். பிள்ளையார் சுழி போட்ட அப்பாவின் பேரேட்டில் ஆடிக் கூழுக்கான கேழ்வரகும், ரமலான் கஞ்சிக்குப் பள்ளிவாசலுக்கு அனுப்பிய அரிசியும் ‘வீட்டுச் செலவு’ என்றே இருக்கும். தர்மக் கணக்கில் எழுதலாமே என்று அண்ணன் கேட்டதற்கு, “வீட்டில் உலை வைப்பதைத் தர்மம் என்று எழுதுவாயா?” என்று வாயை அடைத்துவிட்டார்.

பச்சை முகப்பின் அருகே அப்பாவின் கூட்டாளி, கடையநல்லூர்க்காரர், காத்திருந்தார். அறுவை சிகிச்சை நாளில் எங்களோடு மருத்துவமனையில் உட்கார்ந்து துஆ கேட்டவர். அம்மா பையிலிருந்து ஒரு சிறு டப்பாவை எடுத்தார். “இது சாமிக்குப் படைப்பதற்கு முன்பே எடுத்துவைத்த மாவு, அண்ணே.” அப்பா இருந்தவரை இந்தக் கூட்டாளியின் பங்கு அப்படித்தான் தனியே போகும். அவர் ஓர் உருண்டையை அங்கேயே வாயில் போட்டுக்கொண்டு, “ஏலக்காய் குறைச்சல், தங்கச்சி” என்றார். அப்பாவும் இதைத்தான் சொல்லியிருப்பார்.

மாரியாத்தா, அடுத்த ஆடிக்கும் அம்மாவை நடத்திக் கூட்டிவா. ஏலக்காய் கூட்டிப் போடச் சொல்கிறேன்.