ஜன்வார்: போர்டைத் தூக்கிக்கொண்டு பன்னாவுக்கு

கஜுராஹோவில் ஸ்கேட்போர்டும் கையுமாக இறங்கினால் டாக்ஸிக்காரர்கள் சும்மா விடுவார்களா? நாம் போவது மத்தியப் பிரதேசத்தின் பன்னாவை ஒட்டிய ஜன்வார் கிராமத்து ஸ்கேட்போர்டு பார்க்குக்கு. பன்னா அங்கிருந்து சுமார் 45 கி.மீ.தான். கேட்கும் தொகையோ வாடகையா விலையா என்று சந்தேகம் வரும். காத்திருப்புக் கூலி, திரும்பும் பயணம் இரண்டையும் ஏறும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். செலவு கையைக் கடிக்கிறது என்றால் ரயிலில் சத்னா போய், அங்கிருந்து பஸ். ஏறத்தாழ 70 கி.மீ. பர்ஸ் தப்பிக்கும், இடுப்பு தப்பிக்காது.

காலையில் போஹா ஜிலேபி. அவல் உப்புமாமேல் சேவ் தூவி, பக்கத்திலேயே சூடாக ஜிலேபி. இதென்ன கூட்டணி என்று முகம் சுளிப்பவர்கள்தான் இரண்டாவது தட்டு கேட்பார்கள்!

பன்னாவை அடுத்த ஜன்வார் கிராமத்தில் ஜெர்மனியைச் சேர்ந்த உல்ரிகே ரைன்ஹார்ட் 2015-இல் தொடங்கியது இந்த 450 சதுர மீட்டர் கான்கிரீட் பார்க். பள்ளிக்குப் போகாதவருக்கு போர்டு கிடையாது. பெண் பிள்ளைகளுக்கே முதலிடம். இங்கே பழகிய ஆஷா கோண்ட் 2018-இல் நான்ஜிங் உலகப் போட்டிவரை போனார். விளிம்பில் ஒரு சிறுமி போர்டோடு நின்றால் நீங்கள்தான் ஒதுங்க வேண்டும். பள்ளி விட்ட பிறகு போங்கள்.

இனி சக்கரம். திறந்தவெளி கான்கிரீட்டுக்கு 54–56 மி.மீ. விட்டம், 97ஏ–99ஏ கடினம் சரி (‘ஏ’ எண் ஏற ஏறச் சக்கரம் கடினம்). 50 மி.மீ., 101ஏ போட்டுப் போனால் ஒரு பொடிக்கல் போதும்: போர்டு நின்றுவிடும், நீங்கள் நிற்க மாட்டீர்கள். முதல் வேலை துடைப்பம். சரிவும் தரையும் சேரும் இடத்தில்தான் மண் தங்கும். இணைப்பு வெடிப்புகளை நடந்தே பாருங்கள். சரிவின் மேல் விளிம்பில் பதித்த கோப்பிங் குழாயையும் விரலால் தடவிப் பாருங்கள். அதிகம் துருத்தினால் இறங்கும்போது பின்சக்கரம் மாட்டும்.

மண் ஏறிய பேரிங் கரகரக்கும். தண்ணீரில் கழுவினால் துருதான். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் அலசி, நன்றாகக் காயவைத்து, ஒரு சொட்டு பேரிங் எண்ணெய். சக்கரத்தைப் பிடிக்கும் ஆக்சில் நட்டை இறுக்கிவிட்டுக் கால் சுற்று தளர்த்துங்கள். சக்கரம் இம்மி ஆட வேண்டும். மாற்று பேரிங் நான்கு, ஆக்சில் நட்டு இரண்டு, நட்டுகளைத் திருகும் டி டூல் ஊரிலிருந்தே கட்டாயம். பன்னாவில் வாங்கிக்கொள்ளலாம் என்று கிளம்பாதீர்கள்.

நவம்பர் முதல் பிப்ரவரி நல்ல காலம். மே மாதம் விழுந்து கையை ஊன்றினால், உள்ளங்கையில் தோசை வார்த்த மாதிரிதான்.