கார்ல்சனைப் படிக்கும் நாட்கள்

ஜூன் 9, 2025

அடுத்த மாதம் மருத்துவம் படிக்கும் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு, உடல் விறைத்து அசைவு குறையும் பார்க்கின்சன் நோயின் மருந்துகளைப் பாடம் எடுக்க வேண்டும். பெயர், அளவு, பக்கவிளைவு என்று பலகையில் எழுதிப் போட்டால் பரீட்சைக்குப் போதும்தான். ஆனால் அந்த நோய்க்கு முக்கிய மருந்தான லெவோடோபா எப்படி வந்தது என்றே தெரியாமல் நாளைக்கு அதைச் சீட்டில் எழுதிக் கொடுக்கப் போகிறார்கள் என்பது எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் அந்த மருந்துக்கு வழி திறந்த விஞ்ஞானி அர்வித் கார்ல்சனைப் படிக்க உட்கார்ந்திருக்கிறேன்.

1923இல் ஸ்வீடனில் பிறந்தவர், லுண்ட் நகரில் வளர்ந்து அங்கேயே மருத்துவம் படித்தார். முதலில் அவர் ஆராய்ந்தது கால்சியம்! அதற்கு மருந்தியலில் பெரிய இடமில்லை என்று சொல்லி, எதிர்பார்த்த பதவியைக் கொடுக்கவில்லை. சரி என்று துறையை மாற்றிக்கொண்டு 1955இல் அமெரிக்காவில் பெதஸ்டாவில் இருந்த பெர்னார்ட் பிராடியின் ஆய்வகத்துக்குப் போனார். அங்கே இருந்தது சில மாதங்கள்தான், ஆனால் பிற்பாடு அவர் செய்த எல்லாவற்றுக்கும் விதை அங்கேதான் விழுந்தது.

ஜூன் 11

பிராடி ஆய்வகத்தில் அப்போது எல்லோரும் பேசிக்கொண்டிருந்தது ரெசர்பின். நம் ஊர் சர்ப்பகந்தா வேரிலிருந்து 1952இல் சுவிட்சர்லாந்தில் பிரித்தெடுத்த மருந்து. அதற்கு இருபது வருடம் முன்பே, 1931இல், சென், போஸ் என்ற இரண்டு இந்திய மருத்துவர்கள் இந்த வேர் ரத்த அழுத்தத்துக்கும் மனநோய்க்கும் உதவுவதை எழுதிவிட்டார்கள். வகுப்பில் இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்.

ரெசர்பின் கொடுத்தால் உடலில் சேமித்து வைத்த செரோடோனின் (நரம்புகள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் அமின் என்ற வகை ரசாயனங்களில் ஒன்று) காலியாகிவிடும் என்று பிராடியின் குழு கண்டிருந்தது. அதே மாதிரி மற்ற அமின்களும் காலியாகுமா என்று பார்க்கலாமே என்றார் கார்ல்சன். பிராடிக்கு அதில் ஆர்வமில்லை. ஊருக்குத் திரும்பி நில்ஸ்-ஓகே ஹில்லார்ப் என்பவரோடு சேர்ந்து தானே பார்த்தார். நார்அட்ரினலின் என்ற இன்னொரு அமினும் காலியாகியிருந்தது.

ஜூன் 14

இன்று முழுக்க முயல்கள்தான்.

ரெசர்பின் போட்ட முயல்கள் காது தொங்கிப்போய் அசையாமல் உட்கார்ந்துவிடும். நார்அட்ரினலின் தீர்ந்துபோனதுதான் காரணம் என்றால் அதைத் திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டும், ஆனால் அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் போகாது. அதனால் உடல் நார்அட்ரினலினைத் தயாரிக்கும் வழியில் முந்தைய படியான டோபாவை (லெவோடோபா இதன் ஒரு வடிவம்தான்) ஊசியில் கொடுத்தார்கள். டோபா டோபமினாகும், டோபமின் நார்அட்ரினலினாகும், அதுதான் கணக்கு. கால் மணி நேரத்தில் முயல்கள் காதைத் தூக்கிக்கொண்டு நடமாட ஆரம்பித்துவிட்டன!

இங்கேதான் இந்த மனிதர் மேல் எனக்குப் பெரிய மரியாதை வருகிறது. முயல் எழுந்துவிட்டது, நாம் நினைத்தது சரி என்று அவர் நிறுத்தவில்லை. மூளையில் நார்அட்ரினலின் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று அளந்தார். திரும்பவே இல்லை. அப்படியானால் எழுப்பியது எது? நடுவில் வந்துபோகும் வெறும் இடைப்பொருள் என்று எல்லோரும் ஒதுக்கியிருந்த டோபமின். 1957இல் முயல் சோதனையை வெளியிட்டார்கள். மூளையில் டோபமினை அளக்க முறையே இல்லாததால் அதையும் உருவாக்கி 1958இல் வெளியிட்டார்கள். அடுத்த வருடம் அவருடைய மாணவர்கள் பெர்ட்லரும் ரோசன்கிரெனும், டோபமின் பெரும்பாலும் அசைவுகளைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதியான ஸ்ட்ரையேட்டத்தில் குவிந்திருப்பதைக் காட்டினார்கள். ரெசர்பின் சாப்பிட்ட நோயாளிகளுக்கு பார்க்கின்சன் மாதிரியே விறைப்பு வருவது டாக்டர்களுக்கு ஏற்கெனவே தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்: பார்க்கின்சனுக்குக் காரணம் டோபமின் குறைவு.

ஜூன் 15

1960, லண்டனில் விஞ்ஞானிகள் கூட்டம். டோபமின் பற்றி கார்ல்சன் சொன்னதைப் பெரிய தலைகள் ஏற்கவில்லை. மூளைக்குள் செய்தி போவது மின்சாரத்தால்தான் என்று நம்பியவர்கள் அன்று நிறைய. டோபா ஒரு விஷம் என்கிற மாதிரி சர் ஹென்றி டேல் பேசியதை கார்ல்சன் பிற்பாடு நினைவுகூர்ந்திருக்கிறார். நரம்புகள் ரசாயனத்தால் பேசுகின்றன என்று காட்டியதற்காக 1936இல் நோபல் வாங்கியவரே டேல்தான். அவரே இப்படி என்றால் மற்றவர்களைப் பற்றி என்ன சொல்ல.

ஜூன் 20

பெரியப்பாவைப் பார்க்கப் போயிருந்தேன். லெவோடோபா-கார்பிடோபா மாத்திரையில்தான் அவருடைய நாள் ஓடுகிறது. போட்டு முக்கால் மணி நேரத்தில் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்கிறார். பூனைக்காலி விதைப் பொடி சாப்பிடலாமா என்று பெரியம்மா கேட்டார். அதிலும் லெவோடோபா இருப்பது உண்மை, அதனால்தான் மாத்திரையோடு சேர்த்து இஷ்டத்துக்குச் சாப்பிடக் கூடாது, நரம்பு டாக்டரிடம் கேட்காமல் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த மாத்திரைக்கு ஹோர்னிகீவிச்சுக்கும் நன்றி சொல்ல வேண்டும். பார்க்கின்சனால் இறந்தவர்களின் மூளையில் டோபமின் வெகுவாகக் குறைந்திருப்பதை 1960இல் வியன்னாவில் காட்டியவர், அடுத்த வருடமே பிர்க்மயரோடு சேர்ந்து நோயாளிகளுக்கு டோபா ஊசி போட்டவர். படுக்கையிலிருந்து எழ முடியாதவர்கள் எழுந்து நடந்தார்கள். வாய்வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் கூட்டிக் கொடுக்கும் முறை 1967இல் கோட்சியாஸ் மூலம் வந்தது. 2000இல் நோபல் கார்ல்சன், கிரீன்கார்ட், கண்டெல் மூவருக்கும் போனது. ஹோர்னிகீவிச்சை விட்டது அநியாயம் என்று 200க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் கடிதம் எழுதினார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

ஜூன் 24

கார்ல்சனின் 1963 கட்டுரையைப் படித்தேன். மனச்சிதைவுக்குக் கொடுக்கும் குளோர்புரோமசின், ஹாலோபெரிடால் இரண்டும் ஏற்பிகளை, அதாவது டோபமின் போன்ற அமின்களின் செய்தியை வாங்கும் இடங்களை, அடைப்பதால்தான் வேலை செய்கின்றன என்று அதில் ஊகிக்கிறார். ஏற்பியை நேரடியாக அளக்கவே வழியில்லாத காலம்! டோபமின் குறைந்தால் ஒரு நோய், அதன் செயலைத் தடுத்தால் இன்னொரு நோய் அடங்குகிறது. மனச்சிதைவு மருந்து சாப்பிடுபவர்களுக்குக் கை ஏன் நடுங்குகிறது என்று வார்டில் கேட்கும் குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டிய பதிலும் இதுதான்.

ஜூன் 29

2018இல் இதே நாளில் கார்ல்சன் இறந்தார், 95 வயது. 1989இல் ஓய்வு பெற்ற பிறகும் வேலையை விடவில்லை. டோபமின் அதிகமான இடத்தில் தணித்து, குறைந்த இடத்தில் தூக்கிவிடும் மருந்து ஒன்றைக் கடைசிவரை தேடினார். அது இன்னும் மருந்துக்கடைக்கு வரவில்லை. லெவோடோபாவும் இல்லாததை நிரப்புகிறதே தவிர நரம்பணுக்கள் சாவதை நிறுத்துவதில்லை. சில வருடம் போனால் பலருக்குக் கை கால் தானாக ஆட ஆரம்பிக்கிறது. இதைப் பிள்ளைகளிடம் மறைக்கப் போவதில்லை. அவர்களில் யாராவது ஒருவருக்கு இந்த இடத்தில் கோபம் வந்து ஆராய்ச்சிக்குப் போனால் நல்லது.