மாசிக்காய்க்குள் குடியிருப்பது யார்?

நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் மாசிக்காய், காயே அல்ல. துருக்கி, சிரியா, ஈராக், ஈரான் பகுதிகளில் வளரும் குட்டையான ஓக் மரமொன்றில், குளவி முட்டையிட்டதால் மொட்டு திரிந்து உருண்ட முடிச்சு. கையிலெடுத்துத் துளை தேடுங்கள். துளையின்றிக் கனத்து, கருநீலமோ கரும்பச்சையோ ஓடியிருந்தால் குளவி வெளியேறவில்லை, துவர்ப்பு தூக்கல். வட்டத் துளை இருந்தால் காய் வெளிறி, எடை குறைந்திருக்கும். நல்ல சரக்கில் துவர்ப்புப் பொருளான டானின் 50 முதல் 70 சதவீதம். அன்னபேதியோடு (இரும்பு சல்பேட்) சேர்ந்து கறுப்பு மையாவது அந்த டானின்தான்.

முடிச்சைச் செய்வது சினிப்பிடே என்ற குளவிக் குடும்பம். அதில் ஓக்கை நம்பி வாழும் சினிப்பினி பிரிவில் மட்டும் ஏறக்குறைய 1000 இனங்கள். மனிதரைக் கொட்டாது. பெரும்பாலானவை நெல்மணியைவிடச் சிறியவை. புழுவைச் சுற்றி மரமே ஊட்டத் திசுவை வளர்த்துத் தருகிறது. புழுவின் குடலுக்குக் கடைசிவரை வெளிவாசல் கிடையாது. அதனால் அறைக்குள் கழிவு சேராது.

வகைப்பாட்டில் பெரிய குழப்பம் தலைமுறை மாற்றத்தால் வந்தது. ஆண்ட்ரிகஸ் கொல்லாரி என்ற குளவியைப் பாருங்கள். வேறு வகை ஓக்கில் உருவாகும் கோலிக்குண்டு போன்ற முடிச்சிலிருந்து இலையுதிர் காலத்தில் பெண்கள் மட்டுமே வரும். இணை சேராமலே துருக்கி ஓக்கின் மொட்டில் முட்டையிடும். அங்கே வசந்தத்தில் உருவாகும் சில மில்லிமீட்டர் முடிச்சிலிருந்து ஆணும் பெண்ணும் வரும். இரண்டு மரமும் அருகருகே இல்லாவிட்டால் வட்டம் அறுந்துவிடும். இப்படிப் பேத்தி பாட்டியைப் போல இருந்தாலும், மகள் தாயைப் போல இல்லாததால், பல இனங்களுக்கு ஆளுக்கு இரண்டு பெயர் வைத்திருந்தார்கள். ஜெர்மானிய மருத்துவர் ஹெர்மன் ஆட்லர் ஓக் கன்றுகளில் குளவிகளை முட்டையிட விட்டு, 1881இல் இணைகளை வரிசையாகப் பொருத்திக் காட்டினார்.

முடிச்சைச் சேகரித்து வளர்ப்பவர்கள் வழுக்கும் இடம் வேறு: வெளியே வந்ததையெல்லாம் செய்தவராக நினைப்பது. சினெர்கஸ் போன்ற ஒண்டுக்குடித்தனக் குளவிகளும் சினிப்பிடேதான். அவற்றில் பெரும்பாலானவை சொந்தமாக முடிச்சு கட்டாமல் பிறர் முடிச்சின் திசுவைத் தின்னும். உருப்பெருக்கியில் வாயிலிருந்து கன்னங்களுக்கு விரியும் வரிகளையும், வயிற்றை ஏறக்குறைய முழுதாக மூடும் ஒரே பெரிய தகட்டையும் பாருங்கள். இரண்டும் இருந்தால் சினெர்கஸோ அதன் நெருங்கிய உறவோ. பச்சை, நீல உலோகப் பளபளப்பும் முழங்கை போல மடிந்த உணர்கொம்பும் இருந்தால் அது கால்சிட் என்ற ஒட்டுண்ணிக் குளவி, பெரும்பாலும் புழுவைத் தின்று வந்தது. பெரிய முடிச்சில் ஒற்றைத் துளைக்குப் பதில் பல பொடித்துளைகள் இருந்தாலே சந்தேகப்படலாம். ஒட்டுண்ணிகளில் அமெரிக்காவின் யூடெரஸ் செட் தனி ரகம். 2017இல் விவரிக்கப்பட்டது. முடிச்சுக்குரிய குளவி குறுகலான துளையைக் குடைந்து தலையாலேயே அடைத்து நிற்கும்படி ஆகிவிடும். இது அந்தத் தலையைக் குடைந்துகொண்டு வெளியேறும்.

பச்சை முடிச்சைப் பறிக்காதீர்கள். திசு வாடினால் புழு பட்டினியில் சாகும். முற்றி நிறம் மாறியதை எடுத்து, ஒரு டப்பாவில் ஒரே வகையை மட்டும் போட்டு, மெல்லிய துணியால் வாய்கட்டி, வெளியே நிழலில் வையுங்கள். வீட்டுக்குள்ளே வைத்தால் உலர்ந்துபோகும், அல்லது பருவம் தப்பி வெளிவரும். ஈரம் மிஞ்சினால் பூஞ்சணம். ஒரு வருடம் ஓடியும் ஒன்றும் வரவில்லையென்று கொட்டிவிட வேண்டாம், சில இனங்கள் இரண்டு மூன்று வருடம் உள்ளேயே கிடக்கும். வந்தவற்றை 70 சதவீத எத்தனாலில் போடுங்கள், மரபணு ஆய்வுக்கென்றால் 95. எந்த ஓக், மரத்தின் எந்தப் பாகம், பறித்த தேதி, வெளிவந்த தேதி: நான்கும் சீட்டில் இல்லாத குளவியை வைத்துப் பெயர் தேடுவது பெரும்பாலும் வீண்வேலை.